யாழரசின்னு யாரும் இல்ல

வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் காரின் உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனே வந்து வண்டியை எடுக்கவும், மீண்டும் அறிவிக்கிறோம், என்று ஒலிபெருக்கி கரகரத்துக்கொண்டிருந்தது. அந்த 'மீண்டும் அறிவிக்கிறோம்' இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டே ஜெயக்கொடிக்குக் காது காய்த்துப் போயிருந்தது. மதுரையில் இந்தப் புத்தகக் கண்காட்சி தொடங்கின நாளிலிருந்து எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்கிறார்கள். காரையும் இரண்டு தடவை, தொலைந்துபோன பர்ஸையும் இரண்டு தடவை, எழுத்தாளரையும் இரண்டு தடவை. இன்றைக்குக் கடைசி நாள், சாயங்காலம். அறிவிப்பு மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறாள், கையில் ஒரு துண்டுச்சீட்டு, வியர்வையில் அது நனைந்து மசி லேசாகக் கசிய ஆரம்பித்துவிட்டது. இங்கே அப்படித்தான் வழக்கம். எந்த எழுத்தாளர் எந்தக் கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார் என்பதை அந்த எழுத்தாளரே சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், மைக்கில் இருக்கிறவர் அதை அப்படியே வாசிப்பார், கேட்கிறவர்கள் என்னமோ கண்காட்சிக்காரர்களே ஆசைப்பட்டு அழைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். 'புகழ்பெற்ற' என்பதைக்கூட அவரவரே எழுதிக்கொள்ளலாம். முன்னால் நிற்கிற ஜிப்பாக்காரர் எழுதிக்கொண்டிருக்கிறார் பார், தன் பேருக்கு முன்னால் இலக்கியச் செம்மல் என்று, எழுதிவிட்டு யோசித்து அதற்கும் முன்னால் மாபெரும் என்று ஒன்றைச் சொருகுகிறார். கொஞ்சம்கூடக் கூச்சமில்லையே மனுஷனுக்கு, என்று நினைத்தவளுக்கு உடனே பொறாமையாகவும் இருந்தது. விருதுநகர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமாக வேதியியல் நடத்துகிறவள். கடைசி பெஞ்சுக்குக் கேக்குதா, கேக்குதா என்று கத்திக் கத்தியே ஊறின தொண்டை. அந்தத் தொண்டை தன் புத்தகம் என்று வரும்போது மட்டும் ஏன் இப்படி அடைத்துக்கொள்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

மத்தியானம் பதிப்பாளர் அறவாழி கடையில் வைத்துச் சொன்னார், மேடம், இன்னிக்குப் போகலேன்னா மிச்சத்தக் கட்டி உங்க வீட்டுக்கே அனுப்பிடுறேன், குடோன்ல இடமில்ல, நீங்களா நின்னு நாலு பேரக் கூப்பிட்டாத்தான் உண்டு. கூப்பிடாமலா இருந்தாள்? என்னதான் செய்யவில்லை அவள்? விமர்சனம் எழுதுகிறேன் என்று சொன்ன அத்தனை பேருக்கும் அன்புடன் என்று கையெழுத்துப் போட்டு இலவசமாக அனுப்பினாள், கூரியர்காரன் முகம்கூடப் பழகிப்போனது, விமர்சனம்தான் வரவில்லை. வெளியீட்டு விழா வைத்தாள். முதல் பிரதியை வாங்கிக்கொள்ள வந்த பிரமுகர் பொன்னாடையைத் தோளில் போட்டபடியே தான் எழுதின சுயசரிதையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் இந்தக் கவிதைத் தொகுப்பு மேலும் மேலும் வளரட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். அது நாவல் அய்யா, நாவல்! விமர்சனக் கூட்டம் என்று ஒன்று, வந்தவர்களுக்கு டீயும் உளுந்த வடையும், வடை தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. பேஸ்புக்கில் தினம் ஒரு பத்தி எடுத்துப் போட்டாள். வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தாள். மகள் வந்து, ரீல்ஸ் போடணும்மா, இப்ப அதுதான் ஓடுது, புத்தகத்த மூஞ்சிக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டுச் சிரிங்க என்றாள். மூஞ்சி தெரியக்கூடாதுடி, என்றாள் ஜெயக்கொடி. மூஞ்சி தெரியாம எப்படிம்மா சிரிப்பீங்க? கடைசியில் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள், அட்டையின் ஓரத்தில் ஒரு காது மட்டும் தெரிந்தது. அதையும் நூற்றுச்சொச்சம் பேர் பார்த்தார்கள், அதில் பாதி அவளிடம் படிக்கிற பிள்ளைகள், காதை வைத்தே கண்டுபிடித்துவிட்டு மறுநாள் வகுப்பில் குசுகுசுவென்று சிரித்தார்கள். இவ்வளவும் செய்த பிறகு இன்று காலையில் தேவசிகாமணி வருகிறார் கடைக்கு. பெரிய எழுத்தாளர், பின்னாலேயே நாலு சீடர்கள். அவளுடைய புத்தகத்தை எடுத்து மோந்து பார்க்கிற மாதிரி ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நல்ல எழுத்து தானே வாசகனைத் தேடிப் போகும்மா, கூவி விக்கிறதுக்கு இதென்ன கருவாடா, எழுத்தாளருக்கு விளம்பரம் ஒரு கேடா என்றார். சீடர்கள் தலையை ஆட்டினார்கள். வாசலில் அவருக்கு ஆளுயரத்துக்குத் தட்டி வைத்திருப்பது யாராம், தேடி வந்த வாசகனா?

கேடா. அந்தச் சொல்தான் காலையிலிருந்து செருப்புக்குள் மாட்டின கல் மாதிரி நறுக் நறுக்கென்று குத்திக்கொண்டே இருக்கிறது. தட்டிவிட்டுவிட்டு நடந்தாலும் மறுபடி எப்படியோ காலுக்கடியில் வந்துவிடுகிறது. ஒரு கேடா. இதே சொல், இதே இழுப்பு, ஆனால் குரல் வேறு. அறிவிப்பு மேசையில் ஒரு பெண்குழந்தை உட்கார்ந்திருந்தது, மஞ்சள் கவுன், தன் முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளம் ஒன்றைக் கடித்துக்கொண்டு. தொலைந்துபோன பிள்ளை, ஆனால் ஒரு சொட்டு அழுகை இல்லை, மிளகாய்த்தூளை உதட்டிலிருந்து நக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களை எல்லாம் வேடிக்கை பார்த்தது. மஞ்சள் கவுன் அணிந்த, தன் பெயர் மகிழினி என்று சொல்கிற குழந்தை, என்று மைக் சொல்லி முடிப்பதற்குள், மீண்டும் அறிவிக்கிறோம் வருவதற்குள்ளேயே, ஒரு அம்மாக்காரி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். வந்தவள் முதல் வேலையாக முதுகில் ஒன்று வைத்தாள், அடுத்த நொடியே அள்ளிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள், அப்பளம் நொறுங்கி இருவர் மேலும் கொட்டியது. ஜெயக்கொடி அந்த அப்பளத் தூளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேப்பர்ல ஒரு விளம்பரம் குடுக்கலாமேப்பா, காணவில்லைன்னு, போட்டோ போட்டு, அக்காவே வந்திருவாப்பா, என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் தாவணி கட்டின ஜெயக்கொடி அப்பா முன்னால் நின்று சொன்னாள், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ரசம் ஊற்றின சோற்றிலிருந்து கையை எடுக்காமலே, ஓடிப்போன சிறுக்கிக்கு விளம்பரம் ஒரு கேடா, என்றார். அம்மா மோர்ச்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ராஜபாண்டி அண்ணன் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போய்ப் பேரை அடித்துவிட்டு வந்தான். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் அற்புதக்கனி என்ற பேரை யாரும் சொன்னதில்லை. தேவசிகாமணி அய்யா, நீங்க சொன்னது உங்க சொல் இல்ல, எங்கப்பா சோத்துக் கையோட சொன்ன சொல்லு அது. ரெண்டு பேருக்கும் ஒரே பயம், கூவிக் கூப்பிட்டா மானம் போயிரும்னு.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. மாபெரும் இலக்கியச் செம்மல் தன் சீட்டைக் கொடுத்துவிட்டு, அதை எப்படி ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு இதெல்லாம் பார்த்தால் சிரிப்பு தாங்காது. சிவகாசி வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு இடுக்கு, விறகும் பழைய அண்டாவும் கிடக்கும், அங்கேதான் அக்காவும் தங்கச்சியும் ஒளிந்துகொள்வார்கள். அக்கா அச்சாபீஸில் லேபிள் சரிபார்க்கிற வேலைக்குப் போனாள், வரும்போது அங்கே கழித்துப் போட்ட வாரப் பத்திரிகைகளை மாராப்புக்குள் வைத்துக் கொண்டுவருவாள், தொடர்கதையைக் குரல் மாற்றி மாற்றி வாசிப்பாள், வில்லனுக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல், அடுத்த வாரம் கிடைக்காத கதைக்கு அவளே ஒரு முடிவு கட்டிச் சொல்லுவாள். அதுதான் அசல் கதையைவிட நன்றாக இருக்கும். கடலை மடித்த தாளைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் கீழே போடுவாள். அச்சாபீஸில் மிஷின் ஓட்டின சகாயத்தோடு அவள் போய்விட்டாள், வேறு சாதி, வேறு சாமி, ராத்திரியோடு ராத்திரியாகக்கூட இல்லை, பட்டப்பகலில் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். திருப்பூர் என்றார்கள், பெங்களூரு என்றார்கள், ஒருத்தர் பம்பாய் என்றார். ஜெயக்கொடிக்கு இப்போது தலை பாதி வெளுத்துவிட்டது, அக்கா இருந்தால் அவளுக்கு முழுசாகவே வெளுத்திருக்கும். இருந்தால் என்ன இருந்தால்? இருக்கிறாள். எங்கேயோ ஒரு வாடகை வீட்டில் மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு எதையோ படித்துக்கொண்டுதான் இருப்பாள், அவளால் படிக்காமல் இருக்க முடியாது. அதனால்தான் ஜெயக்கொடி எழுதினாள். விருதுக்கா, பொன்னாடைக்கா? அவள் கையில் ஒரே ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு கை எந்த ஊரில் இருக்கிறதென்று தெரியாததால் எல்லா ஊருக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது, எல்லார் கையிலும் திணிக்க வேண்டியிருக்கிறது, காதைக் காட்டி ரீல்ஸ் போட வேண்டியிருக்கிறது. தெருவில் பிள்ளையைத் தொலைத்தவள் வீடு வீடாகக் கதவைத் தட்டினால் அதற்குப் பேர் விளம்பரமா? ஆமாய்யா, விளம்பரம்தான், போங்க, அதனால என்ன இப்ப!

சீட்டைப் பிரித்து இன்னொரு தடவை வாசித்தாள். எழுத்தாளர் யாழரசி, நிழல்களின் நீர்மை நாவலின் ஆசிரியர், கடைசி வரிசையில் அறவாழி பதிப்பக அரங்கில் வாசகர்களைச் சந்திக்கிறார். வாசித்தாள், மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். யாழரசி. யார் இந்த யாழரசி? உள்ளே என்னவோ தடுக்கியது. நாவலுக்கு அவள் வைத்த பேர் மாடிப்படிக்குக் கீழே. அறவாழி உதட்டைப் பிதுக்கினார், என்ன மேடம் இது, வீட்டுக் கடன் விளம்பரம் மாதிரி இருக்கு, நிழல்களின் நீர்மைன்னு வைப்போம், கனமா இருக்கும், விருதுக் கமிட்டிக்காரங்களுக்கும் பிடிக்கும். சரி என்றாள். ஜெயக்கொடியும் வேணாம் மேடம், தேர்தல் போஸ்டர் மாதிரி இருக்கு, அழகா ஒரு புனைபெயர் வைங்க. அதற்கும் சரி என்றாள், சரி என்ன சரி, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள், அண்ணனுக்குத் தெரியாமல் போகும் என்று. அட்டைக்கு ஒரு ஓவியம், நீலத்தில் நாலு கோடும் ஒரு கண்ணும். பின்னட்டையில் ஊர் கிடையாது, போட்டோ கிடையாது. கதைக்குள்ளே அக்காவுக்குப் பேர் மிருதுளா, சிவகாசிக்குப் பேர் சிற்றூர். அட மடச்சி! அட கூறுகெட்டவளே! அற்புதக்கனி தேடுகிற பேர் எது, யாழரசியா? நாளைக்கே பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் இந்த நீலக் கண்ணை அவள் கையில் எடுத்தாலும் புரட்டிப் பார்த்துவிட்டு என்ன எழவோ என்று திருப்பி வைத்துவிட மாட்டாளா? கூப்பிடுகிறவளின் பேரை மறைத்து, கூப்பிடப்படுகிறவளின் பேரை மறைத்து, வீட்டை மறைத்து, படிக்கட்டை மறைத்து, மூஞ்சியையும் மறைத்து, அப்புறம் ஊர் முழுக்க நின்று கூவினாளாம். அண்ணன் ஒரு தடவை அடித்த பேரை இவள் அச்சுப் போட்டு ஆயிரம் தடவை அடித்திருக்கிறாள். யாரும் வாங்காதது புத்தகத்தின் குற்றம் இல்லை. அப்படி ஒரு புத்தகம் இருப்பதையே அவள் ஒளித்துத்தான் வைத்திருந்தாள்.

கையிலிருந்த போன் டிங் என்றது. குடும்பக் குரூப். ராஜபாண்டி அண்ணன் படம் போட்டிருக்கிறான், பேரப்பிள்ளைகளோடு, ஆளுக்கொரு டெல்லி அப்பளம், பின்னால் புத்தகக் கண்காட்சி என்று கொட்டை எழுத்தில் தோரண வாயில். இங்கேதான் இருக்கிறான், இதே மைதானத்தில், இதே ஒலிபெருக்கிக்குக் கீழே. மதுரையில் மளிகை மண்டி வைத்திருக்கிறவன் கடைசி நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராமல் வேறெங்கே போவான்? போன மாதம் அவள் கை தவறிப் புத்தகப் போஸ்டரைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டு வெலவெலத்துப் போனாள், அண்ணன்தான் முதலில் பதில் போட்டான், யாரு இந்த யாழரசி, ஒங்க ஸ்கூல் டீச்சரா, நல்லா எழுதுவாங்களா என்று, கூடவே ரெண்டு கும்பிடு. ஆமாண்ணே, கூட வேலை பாக்குறவங்க, என்று எழுதிவிட்டு அன்று முழுக்க அவள் குரூப்பைத் திறக்கவே இல்லை. நல்லவன்தான். அவள் கல்யாணத்துக்கு ஓடி ஓடி வேலை பார்த்தவன், அவள் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தவன். ஆனால் அந்தப் பேரை மட்டும் அவன் காதில் போட்டால் தீர்ந்தது. அப்பா செத்த வீட்டில் யாரோ பெரியவளுக்குச் சொல்லிவிட வேண்டாமா என்று கேட்டதற்கு, எங்களுக்கு ஒரு தங்கச்சிதான், என்று பாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னவன் அவன். சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். இல்லண்ணே, நான் ரெண்டாமவ, என்று சொல்லியிருக்கலாம், மூன்றே வார்த்தை, சொல்லவில்லை. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வரிசையிலிருந்து விலகிக் கடைக்குப் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் தானாக முடிந்துவிடும், அட்டைப்பெட்டிகள் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும், பொங்கலுக்கு அண்ணன் கரும்புக் கட்டோடு வருவான், அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து காபி குடிப்பான், அவனுக்குக் கீழே அக்கா கட்டுக்கட்டாகக் கிடப்பாள். மாடிப்படிக்குக் கீழே போய் இப்போது கட்டிலுக்குக் கீழே. நினைத்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு, அண்ணன் மேல் இல்லை, அப்பா மேல்கூட இல்லை, இவ்வளவு நாள் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டே இருந்த தன் மேல்.

சொல்லுங்கம்மா, என்றார் மைக்கில் இருந்தவர். பரமானந்தம் என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தது, கழுத்தில் மப்ளர், பத்து நாளாகக் கத்தியதில் குரல் பாதி போய்விட்டது, பக்கத்தில் பிளாஸ்கில் வெந்நீர். மேசையில் சீட்டுகளைக் குத்திவைக்க இரண்டு கம்பிகள் நின்றன. புத்தகமா, காணாமப் போனதா, எதுல குத்தணும், என்றார். ரெண்டும்தான் சார், என்றாள் ஜெயக்கொடி. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சீட்டுக்குக் கையை நீட்டினார், யாழரசின்னு இருக்கு, நீங்கதானா? இல்ல சார், யாழரசின்னு யாரும் இல்ல. சொன்னதோடு நிற்கவில்லை, ஈரச்சீட்டை இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள். இத வாசிக்க வேணாம். மைக்கக் குடுங்க, நானே சொல்லிக்கிறேன். பரமானந்தம் பதறிப்போனார், அதெல்லாம் வெளியாளுக்குக் குடுக்கிறதில்லம்மா, கமிட்டில என்னய வைவாங்க. வையட்டும் சார், சொன்னவ நான்னு என்னயக் கைகாட்டுங்க. இப்ப இங்க உக்காந்திருந்துச்சே ஒரு பிள்ள, அதப் பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க, ஒரு நிமிசத்துல ஓடிவந்துட்டாங்க. எங்கக்காவ எங்க வீட்டுல ஒருத்தருமே கூப்பிடல சார். முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு தடவகூடக் கூப்பிடல. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போகாமல் அங்கேயே நின்ற இலக்கியச் செம்மல்கூட ஒரு அடி விலகி வழிவிட்டார். பரமானந்தம் பிளாஸ்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றினார், அதை ஊதினார், ஊதிக்கொண்டே மைக்கை மேசையில் இந்தப் பக்கமாகத் தள்ளினார். ரெண்டு தடவதான், என்றார், அதுக்கு மேல கூடாது.

மைக் கனமாக இருந்தது, முன்னால் பேசினவரின் கைச்சூடு அதில் இன்னும் இருந்தது. முதல் வார்த்தைக்குக் காற்றுதான் வந்தது, புஸ்ஸென்று ஒலிபெருக்கி இரைந்தது. அப்புறம் வந்தது. அற்புதக்கனி. அவளுடைய வாயிலிருந்து கிளம்பி, கம்பத்துக்குக் கம்பம் மோதி, மைதானத்தின் அந்தக் கோடியில் போய் அது திரும்பி அவளிடமே வந்தது, அற்புதக்கனி என்று. இவ்வளவு பெரிய பேரா அது? சிவகாசி அற்புதக்கனி, நான் ஒன் தங்கச்சி ஜெயக்கொடி பேசுறேன். நீ எங்க இருக்கன்னு தெரியல, அதான் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்றேன். மாடிப்படிக்குக் கீழ ஒக்காந்து நீ எனக்கு வாசிச்சுக் காட்டுனல்ல, அதுக்குப் பதிலா நான் ஒண்ணு எழுதியிருக்கேன். அட்டையில நிழல்களின் நீர்மைன்னு போட்டிருக்கும், யாழரசின்னு போட்டிருக்கும், அது நான் பயந்துபோய்ப் போட்டது, அதப் பாக்காத, உள்ள இருக்கிறது நீதான். கடைசி வரிசை, அறவாழி கடை. இங்க இருக்கிறவங்க யாருக்காச்சும் அவளத் தெரிஞ்சா கொண்டுபோய்க் குடுங்க. தெரியாதவங்களும் வாங்குங்க, வாங்கிப் படிங்க, படிச்சுட்டு ரயில்ல விட்டுட்டுப் போங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போங்க, எப்படியாச்சும் அது அவகிட்டப் போயிரும், அவ கீழ கெடக்கிற தாளக்கூட எடுத்துப் படிக்கிறவ. நல்லா எழுதியிருக்கேன். நானே சொல்றேன், நல்லா எழுதியிருக்கேன்.

மைதானத்தில் எப்போதும் இருக்கிற இரைச்சலில் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருந்தது, நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள், முகமில்லாமல் பேசுகிற அந்தக் குழாயை. மேசைமேல் வைத்திருந்த போன் துடிக்கத் தொடங்கியது. ராஜபாண்டி அண்ணன் என்று வெளிச்சமாக எழுதிக் காட்டியது, துடித்துத் துடித்து மேசை விளிம்பை நோக்கி நகர்ந்தது. எடுத்தால் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும், ஒருவேளை தெரியாமலும் இருக்கலாம், அவனும் முப்பது வருஷமாக அந்தப் பேரைக் கேட்டதில்லையே. அப்புறம் எடுக்கலாம். போனைக் கவிழ்த்து வைத்தாள். இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, நேராக நிமிர்ந்து நின்று, வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறபோது வருகிற குரலில் கேட்டாள், கடைசி பெஞ்சுக்குக் கேக்குதா? கேக்காட்டி மீண்டும் அறிவிக்கிறேன். அற்புதக்கனி.